குரல் தேர்வில் தொலைவது: கல்லூரிச் சமுதாய வானொலியில் தன்னார்வத் தொகுப்பாளர் பயிற்சி

1. கேள்வி

கல்வியாண்டு தொடங்கியதும் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சமுதாய வானொலி நிலையங்கள் பலவற்றில் 'ஆர்.ஜே. தேர்வு' அறிவிப்பு ஒட்டப்படுகிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் வந்து ஒரு பத்தியை வாசித்துக் காட்டுகிறார்கள். ஒரு திரைப்பாடலுக்கு முன்னுரை சொல்லிக் காட்டுகிறார்கள். குரல் நன்றாக இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். பிறகு ஃபேடரை ஏற்றி இறக்குவது, லெவல் பார்ப்பது, ஆடாசிட்டி மென்பொருளில் வெட்டி ஒட்டுவது எனச் சில நாள் பயிற்சி. அடுத்த வாரமே நிகழ்ச்சி.

இந்த ஏற்பாட்டில் வெளிப்படையான குறை எதுவும் தெரியாது. கருவியைக் கையாளத் தெரியாதவரை ஒலிப்பதிவு அறைக்குள் விடவும் முடியாது. ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இந்தப் பயிற்சி எந்த வானொலிக்கு ஆள் தயாரிக்கிறது? கல்லூரிக்குத் தரப்பட்ட உரிமம் எந்த வானொலியைக் கருதியதோ அதற்கா, வேறொன்றுக்கா? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பயிற்சியின் உள்ளடக்கத்தைவிட அதன் வரிசையே முதன்மையான சிக்கல் என்பது என் வாதம். எதை முதலில் கற்பிக்கிறோமோ அதுதான் வானொலி என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

2. உரிமம் வந்த வழி

1995 பிப்ரவரி 9 அன்று வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றது. சமுதாய வானொலி கேட்டுப் போராடியவர்களுக்கு இந்தத் தீர்ப்பே ஊன்றுகோல் ஆனது. 1996-இல் பெங்களூருப் பிரகடனமும் 2000-இல் பஸ்தாபூரில் நடந்த கூடுகையும் கேட்டது கிராம மக்களுக்கான வானொலி. ஆனால் 2002 டிசம்பரில் மத்திய அரசு கதவைத் திறந்தபோது உள்ளே செல்ல அனுமதி கிடைத்தது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகா ஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. தொண்டு நிறுவனங்களுக்கு உரிமம் கேட்கும் தகுதி கிடைக்க 2006 இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்து மாச்சனூரிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது 2008 அக்டோபரில்தான்.

இந்த முன்பின் வரிசைக்கு விளைவு உண்டு. தமிழ்நாட்டில் சமுதாய வானொலி என்றாலே கல்லூரி என்ற நிலை உருவாயிற்று. லயோலா, எம்.ஓ.பி. வைஷ்ணவ், திருச்சி ஹோலி கிராஸ், மதுரைக் கல்லூரியின் ஷ்யாமளவாணி, கோவை பி.எஸ்.ஜி. என்று பெயர்களை அடுக்கினாலே இது விளங்கும். பெரும்பாலும் காட்சித் தொடர்பியல் அல்லது இதழியல் துறைகளின் பொறுப்பில் நிலையங்கள் வந்தன. துறைக்குப் பாடத்திட்டம் உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு, வேலைவாய்ப்புக் கவலையும் உண்டு. ஆகவே வானொலி நிலையம் மாணவருக்கான ஆய்வுக்கூடமாகப் பார்க்கப்பட்டது.

விதிமுறை சொல்வது வேறு. 2006 கொள்கையின்படி நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாரிக்கப்பட வேண்டும். இயன்றவரை உள்ளூர் மொழியிலும் பேச்சுவழக்கிலும் இருக்க வேண்டும். கதிர்வீச்சுத் திறன் வழக்கமாக 100 வாட்டுக்கு மிகாது. ஒலி எட்டும் தூரம் 5 முதல் 10 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை ஒரு வரையறை என்று மட்டும் படிப்பது போதாது. ஐந்து கிலோமீட்டர் என்பது நடந்தோ, நகரப் பேருந்திலோ போய்ச் சேரக்கூடிய தூரம். தொகுப்பாளர் தன் நேயர் ஒவ்வொருவரையும் நேரில் பார்க்க வாய்ப்புள்ள ஒரே ஒலிபரப்பு முறை இது.

3. கையில் இருக்கும் மூன்று மரபுகள்

புதியவரைப் பழக்குவதற்கு மூன்று மரபுகள் நம் முன் உள்ளன. கல்லூரி நிலையங்கள் இவற்றைக் கலந்தே பயன்படுத்துகின்றன. எது எவ்வளவு என்பதை யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததாகத் தெரியவில்லை.

முதலாவது அகில இந்திய வானொலி மரபு. குரல் தேர்வு, தற்காலிக அறிவிப்பாளர்களுக்கான 'வாணி' சான்றிதழ்ப் பயிற்சி, எழுத்துப்படி முன்கூட்டியே ஒப்புதல், நொடி பிசகாத நேரக் கட்டுப்பாடு. சொல் சுத்தமும் பொறுப்புணர்வும் இந்த மரபின் கொடை. 'இளைய பாரதம்' நிகழ்ச்சியில் பேசிப் பழகிய ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் இதற்குச் சாட்சி.

இரண்டாவது 2000-களின் தொடக்கத்தில் வந்த தனியார் எஃப்.எம். மரபு. விறுவிறுப்பு, நேயரோடு உரிமையான பேச்சு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கலகலப்பு. இன்றைய மாணவர் கேட்டு வளர்ந்த வானொலி இதுதான் என்பதால் பயிற்சி எதுவும் தராவிட்டாலும் இந்தப் பாணி தானாக வந்துவிடும். வணிக வானொலிக்கு அது பொருத்தமானதே. பல லட்சம் முகம் தெரியாத நேயர்களைச் சில நிமிடம் நிறுத்திவைக்க வேண்டிய தேவை அந்த வானொலிக்கு உண்டு.

மூன்றாவது மரபு தமிழ்நாட்டுக்கு வெளியே உருவானது. நம் கல்லூரிகளில் மிகக் குறைவாகவே அறியப்பட்டது. சமுதாய வானொலிக்கு உரிமமே இல்லாத காலத்தில், கட்ச் பகுதிப் பெண்கள் அமைப்பும் ஜார்க்கண்டின் பலாமுப் பகுதித் தொண்டு நிறுவனமும் அகில இந்திய வானொலியில் நேரம் பெற்று நிகழ்ச்சி நடத்தின. கர்நாடகத்தின் பூதிக்கோட்டையில் 'நம்ம த்வனி' கம்பிவழியே ஒலித்தது. வினோத் பவராலாவும் காஞ்சன் மாலிக்கும் எழுதி 2007-இல் வெளிவந்த 'அதர் வாய்சஸ்' நூல் இந்த முயற்சிகளையும் பஸ்தாபூர் அனுபவத்தையும் விரிவாக ஆராய்கிறது. அங்கெல்லாம் நிகழ்ச்சிக்கு வேர், ஊருக்குள்ளிருந்தே வந்த செய்தி சேகரிப்பாளர்கள். ஊரில் யாரைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் வம்பு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியாதது ரெக்கார்டர் மட்டும்தான். அதைப் பழக்கிவிட்டால் போதும்.

கல்லூரி மாணவர் நிலை இதற்கு நேர் எதிர். அவருக்குக் கைபேசியும் மென்பொருளும் கைவந்தவை. வளாகச் சுவருக்கு அப்பால் இருக்கும் தெரு அந்நியம். ஆக, எங்கே பள்ளமோ அங்கேதான் பயிற்சி நீர் பாய வேண்டும். நடப்பதோ, ஏற்கெனவே நிரம்பிய பக்கத்திலேயே மேலும் பாய்ச்சுவது.

4. குரல் தேர்வு என்னும் வாசல்

குரல் தேர்வை ஆதரிப்பவர்களின் காரணங்கள் வலுவானவை. குறைந்த திறன் ஒலிபரப்பியின் ஒலியை மிக்ஸி ஓடும் சமையலறையில், கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில், இரைச்சலுக்கு நடுவே கேட்கிறார்கள். சொற்கள் தெளிவாக விழாவிட்டால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். 'ப'கரம் ஒலிவாங்கியில் வெடிக்காமல் முகத்தைச் சற்றுச் சாய்த்துப் பேசுவது, மூச்சை வாக்கியத்தின் நடுவில் இழுக்காமல் இருப்பது, தாளைத் திருப்பும் சத்தம் கேட்காமல் படிப்பது ஆகியவை எல்லாம் நேயருக்குச் செய்யும் மரியாதை. இவற்றைக் கற்பிக்கத்தான் வேண்டும்.

என் மறுப்பு குரலைப் பழக்குவதற்கு எதிரானதன்று. குரலை வைத்து ஆளை வடிகட்டுவதற்கே எதிரானது. வடிகட்டும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். ழகரம் வராத மாணவர், ஊர்ப்பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கும் மாணவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர், கூச்சத்தால் மேடையில் நின்றறியாத மாணவி. இவர்களில் பலரும் நிலையத்தின் ஒலி எட்டும் கிராமங்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் தினமும் பேருந்தேறி வருபவர்கள். அதாவது, உரிமம் எந்த மக்களின் பங்கேற்பைக் கேட்கிறதோ அந்த மக்களின் வீட்டுப் பிள்ளைகள். தென் மாவட்டங்களில் 'வாளப்பளம்' என்று சொல்லும் ஊரில், அப்படிச் சொல்பவரை நிராகரித்துவிட்டு, அந்த ஊருக்காகவே நிகழ்ச்சி தயாரிக்கிறோம்.

பேச்சுவழக்கைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். எழுத்துப்படியில் இருப்பது எழுத்துத் தமிழ்; வாயில் வருவது பேச்சுத் தமிழ். வானொலி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்க வேண்டிய ஊடகம். அகில இந்திய வானொலி எழுத்துப் பக்கம் சாய்ந்தது. தனியார் எஃப்.எம். பேச்சுப் பக்கம் வந்தது; ஆனால் அது தேர்ந்துகொண்டது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, ஆங்கிலம் தூவிய ஒரு பொதுப்பேச்சு. பெருந்துறையில் பேசினாலும் தூத்துக்குடியில் பேசினாலும் ஒரே மாதிரி ஒலிக்கிறது அது. ஐந்து கிலோமீட்டர் வானொலி ஒன்றுக்கு மட்டுமே கொங்குத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ நாள் முழுக்கப் பேசும் உரிமை இருக்கிறது. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக இயங்கும் 'கடல் ஓசை' கல்லூரி நிலையம் அன்று. ஆயினும் கடலோரத்துக்கென்று ஒரு வானொலி நிற்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே காட்டியிருக்கிறது. பயிற்சியாளர் செய்ய வேண்டியது, 'வீட்டில் பாட்டியிடம் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வாய், அப்படியே சொல்' என்று கேட்பது. எழுத்துப்படியை மூடிவைத்துவிட்டுச் சொல்லச் சொன்னால் பெரும்பாலான மாணவர்களிடம் வேறொரு குரல் வெளிவரும். வளர்க்க வேண்டியது அந்தக் குரலை.

5. ரெக்கார்டரோடு தெருவில்

பயிற்சியின் முதல் வாரம் ஒலிப்பதிவு அறைக்கு வெளியே நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

முதலாண்டு மாணவி ஒருவர், பேருந்து நிறுத்தத்தில் பூக் கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ரெக்கார்டரை நீட்டுகிறார். 'உங்க பேரு என்னக்கா? எத்தன வருசமா இந்தத் தொழில்?' என்று தொடங்குகிறார். பெயர் வருகிறது, வருடம் வருகிறது. 'வியாபாரம் எப்படிப் போகுது?' 'ஏதோ போகுதும்மா.' அங்கே ஓர் இடைவெளி விழுகிறது. பழகாதவர் அந்த மௌனத்துக்குப் பயந்து தாளிலுள்ள அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். காத்திருந்தால் அந்தப் பெண்ணே தொடர்வார்: 'மழை நாள்ல பூ ஈரமாவே வருது. எடைக்கு எடை காசு குடுத்துத்தான் வாங்குறோம். சாயங்காலத்துக்குள்ள பாதி அழுகிப்போவுது. அதுக்கு யாரு தருவா?' நிகழ்ச்சி தொடங்குவது அங்கேதான். ஈரத்தின் எடைக்கும் காசு கொடுக்கும் சிறு வியாபாரியின் கணக்கைக் கேட்டால், அதே நிலையில் இருக்கும் காய்கறி விற்பவரும் மீன் விற்பவரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த ஒரு பதிவில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன! ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடிப்பது. பதில் முடியும் முன் கையை இழுத்துக்கொள்ளாதிருப்பது. பேருந்து ஹாரன் அடங்கும்வரை பொறுத்து, அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்வது. புறப்படும் முன் அந்த இடத்தின் வெற்றுச் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிந்துகொள்வது. எடிட்டிங்கில் ஒட்டுப் போட அது வேண்டும். இவையெல்லாம் தொழில்நுட்பம்தான். ஆனால் ஒரு மனிதரைக் கவனித்துக் கேட்கும் தேவையிலிருந்து பிறந்த தொழில்நுட்பம் என்பதால் மறக்காது.

எடிட்டிங் மேசையிலும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. புதிதாக மென்பொருள் கற்றவருக்கு எல்லா 'ம்...' ஒலிகளையும், எல்லா இடைவெளிகளையும் வெட்டத் தோன்றும். வெட்டிய பின் பூக்காரப் பெண் அறிவிப்பாளர்போல் பேசுவார். அவர் யோசித்த நேரம் காணாமல் போயிருக்கும். வெட்டியதை அந்தப் பெண்ணுக்கே போட்டுக் காட்டி, 'நீங்க சொன்னது இதுதானே?' என்று கேட்கும் வழக்கத்தைப் பயிற்சியிலேயே ஏற்படுத்திவிட வேண்டும். பங்கேற்பு என்ற சொல்லுக்கு நான் அறிந்த மிக எளிய செயல்வடிவம் இது.

6. விதிகளை எப்படிக் கற்பிப்பது

செய்தியும் நடப்பு அரசியலும் சமுதாய வானொலியில் கூடாது என்கிறது 2006 கொள்கை. பின்னாளில் அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றமின்றி அஞ்சல் செய்ய இடம் கிடைத்தது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்துவைக்க வேண்டும் என்ற கடமையும் உண்டு. புதியவருக்கு இவை பெரும்பாலும் 'கூடாதவை'யின் பட்டியலாகவே சொல்லித் தரப்படுகின்றன. விளைவு, பயம். ரேஷன் கடையில் அரிசி வரவில்லை என்று நேயர் ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அது செய்தியா, அரசியலா, மக்கள் குறையா என்று தெரியாத தொகுப்பாளர் பேச்சைச் சமையல் குறிப்புக்குத் திருப்பிவிடுகிறார். யாரும் தடுக்காமலேயே நிகழ்ச்சி தன்னைத் தானே சுருக்கிக்கொள்கிறது.

அனுமதிக்கப்பட்டதை முதலில் கற்பிப்பதே இதற்கு மாற்று. வானிலை, போக்குவரத்து, குடிநீர் விநியோகம், மின்தடை, பேரிடர் எச்சரிக்கை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர் விழா. இந்தப் பரப்பு சிறியதன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூரில் 107.8 மெகா ஹெர்ட்ஸில் இயங்கிய 'பேரிடர் கால வானொலி'யை நினைத்துப் பார்க்கலாம். எந்தப் பள்ளியில் முகாம், எந்தச் சாலையில் தண்ணீர், எங்கே மருந்து என்பதுதான் அப்போது தேவைப்பட்டது. அத்தகைய நேரத்தில் தொகுப்பாளருக்கு வேண்டிய தகுதி கவர்ச்சியான குரலாக இருக்க முடியாது. வந்த தகவல் யாரிடமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, சரிபார்த்தாயிற்றா என்று கேட்கும் பழக்கமே தகுதி. அந்தப் பழக்கத்தைச் சாதாரண நாளில் ஒரு குடிநீர் அறிவிப்பை வைத்தே பழக்கலாம்: தெருப் பெயர் சரியா, நேரம் காலையா மாலையா, யார் சொன்னது, லாக் புத்தகத்தில் எழுதியாயிற்றா.

7. மூன்றாண்டில் விடைபெறும் தொண்டர்

இனி, எந்தப் பயிற்சித் திட்டத்தையும் கவிழ்க்கக்கூடிய சிக்கல். இளங்கலை மாணவர் மூன்றாண்டில் போய்விடுவார். கடைசிப் பருவத்தில் புராஜெக்ட், நேர்காணல் என்று நிலையத்துப் பக்கம் வருவதே குறையும். அவர் தேடிச் சேர்த்த உறவுகளும் அவரோடு போய்விடுகின்றன: எந்தத் தெருவில் யார் மனம்விட்டுப் பேசுவார், எந்த மகளிர் குழு வெள்ளிக்கிழமை கூடும், எந்தப் பெரியவருக்கு ஒப்பாரி தெரியும். ஆண்டுதோறும் நிலையம் புதிதாகப் பிறக்கிறது. கருவியை மட்டும் கற்பிப்பவருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. கருவி அங்கேயேதான் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் இதே சிக்கலை வேறு விதமாகச் சமாளித்திருக்கின்றன. பெர்க்லியின் கே.ஏ.எல்.எக்ஸ்., ஃபுட்ஹில் கல்லூரியின் கே.எஃப்.ஜே.சி. போன்ற நிலையங்களில் மாணவரோடு ஊர்க்காரர்களும் தன்னார்வத் தொகுப்பாளர்களாக இருக்கிறார்கள். மாணவர் போனாலும் பல ஆண்டு பழகிய ஊர்க்காரர் புதியவருக்குக் கற்றுத்தர இருப்பார். புதியவரை நள்ளிரவுக்குப் பின் வரும் நேரத்தில் நேரலையில் உட்காரவைத்துப் பழக்குவதும் அங்கே பரவலான வழக்கம். தவறு நேர்ந்தாலும் கேட்பவர் குறைவு. ஆனாலும் ஒலிபரப்பு உண்மையானது. மணிக்கு ஒருமுறை நிலையத்தின் அழைப்பெழுத்தையும் ஊரையும் சொல்லியாக வேண்டும் என்ற விதி அந்த நேரத்திலும் பொருந்தும்.

அந்த நிலையங்களின் உயிர் இசையில் இருக்கிறது. நம் உரிமம் கேட்பது வேறு என்பதால் அப்படியே எடுத்துவர முடியாது. நள்ளிரவு ஒலிபரப்பும் நம் நிலையங்களில் அரிது. பல நிகழ்ச்சிகள் முன்பதிவானவை. நேரலையில் தடுமாறிக் கற்கும் வாய்ப்பே நம் மாணவருக்கு இல்லாமல் போகிறது. பிற்பகலில், மறுஒலிபரப்பு ஓடும் நேரத்தில் கால் மணியைப் புதியவர்களுக்கு நேரலையாக ஒதுக்குவது இதற்கு ஓரளவு ஈடாகும். ஊர்க்காரரைத் தொகுப்பாளராக்கும் பாடம் மட்டும் மாற்றமின்றி நமக்குப் பொருந்துகிறது. அதற்கான விதை இங்கேயும் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு பெண்களின் உடல்நலம், சத்துணவு பற்றிச் சமுதாய வானொலிகள் நடத்திய தொடர்களில் அக்கம்பக்கத்துப் பெண்களே பங்கேற்றிருக்கிறார்கள். திட்டம் முடிந்ததும் அவர்களை விட்டுவிடாமல் நிலையத்தில் தக்கவைத்து, அடுத்த ஆண்டு மாணவருக்கு அவர்களையே பயிற்சியாளர் ஆக்குவதுதான் செய்யப்பட வேண்டிய வேலை. பூ வியாபாரியிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதை ஊடகத் துறைப் பேராசிரியரைவிட அவர்கள் நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

8. எதிர்வாதமும் செலவும்

ஒரு நியாயமான எதிர்வாதம் மிச்சமிருக்கிறது. மாணவர் நிலையத்துக்கு வருவது தன் எதிர்காலத்துக்காக. குரலையும் கருவியையும் கற்று ஒரு வேலைக்குப் போக விரும்புகிறார். சமூகப் பணியை அவர் தலையில் சுமத்துவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளமில்லாமல் உழைக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் ஆசையை இளக்காரமாகப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் தெருவில் கேட்டுப் பழகியவர் வேலைச்சந்தையில் தோற்பார் என்று கொள்ள முகாந்திரம் இல்லை. பாட்கேஸ்ட், செய்தி நிறுவனம், விளம்பரம், கள ஆய்வு எங்கே போனாலும் முன்பின் தெரியாத ஒருவரைப் பேசவைக்கும் திறன் செல்லுபடியாகும். வணிக எஃப்.எம். பாணியை மட்டும் நகலெடுத்தவருக்கு, அந்தச் சில நிலையங்களின் வாசலைத் தவிர வேறு வாசல் இல்லை.

கடைசியாக, பணம். 2006-இல் மணிக்கு 5 நிமிடம் என்றிருந்த விளம்பர நேரம் 2024 விதிகளில் 12 நிமிடம் ஆகியிருக்கிறது. அதே விதிகள் நிலையத்தின் ஆலோசனை, உள்ளடக்கக் குழுவில் குறைந்தது பாதி இடம் பெண்களுக்கு என்கின்றன. வருவாய் கூடும் இடத்தில் எதற்குச் செலவிடுவது என்பதை அந்தக் குழு முடிவு செய்யலாம். புதிய மிக்ஸர் வாங்கும் கோரிக்கை எப்போதும் மேசையில் இருக்கும். ஊரிலிருந்து வந்து மாணவருக்குக் கற்றுத்தரும் பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும், அன்றைக்கு அவர் இழக்கும் கூலியும், மதியச் சாப்பாடும் நிலையத்தின் ஆண்டு பட்ஜெட்டில் 'பயிற்சிச் செலவு' என்ற தலைப்பின் கீழேயே எழுதப்பட வேண்டும். 'இதர செலவுகள்' என்பதில் ஒளித்துவைக்கக் கூடாது.